கூரை செய்து அனுப்பிய ஊர்: நார்விச் நகரத்து போல்டன் அண்டு பால் தொழிற்சாலையின் வரலாறு

முன்னுரை

நம் இலக்கிய வட்டத்தின் தொடக்க ஆண்டுக் கூட்டங்கள் ஒரு தகரக் கொட்டகையில் நடைபெற்றதை மூத்த உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஐப்பசித் திங்களில் நிகழ்ந்த கவியரங்கம் ஒன்றில், கூரைமேல் இறங்கிய மழையோசையில் கவிஞரின் குரல் கரைந்து போயிற்று. அவர் வாய் அசைவதை மட்டுமே கண்டோம். மழை ஓய்ந்தபின் அவர் முதலடியிலிருந்து மீண்டும் தொடங்கினார்.

இப்பத்தாம் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று மலர்க்குழுவினர் கேட்டபோது, வட்டத்தின் பழைய குறிப்பேடுகளைப் புரட்டினேன். அன்றைய கவிஞரின் பெயர் உண்டு. பாடிய தலைப்பு உண்டு. தலைமை ஏற்றவர், வாழ்த்துரை வழங்கியவர், நன்றி நவின்றவர் பெயர்களும் உண்டு. அக்கொட்டகையை யார் அமைத்தார், எப்போது அமைத்தார், பின்னர் யார் பிரித்தெடுத்துச் சென்றார் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. நம் தலைமேல் மழை விழாமல் காத்த பொருளுக்கு நம் வரலாற்றில் இடமில்லாமற் போயிற்று.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. மன்னர் எடுத்த கற்றளிக்குக் கல்வெட்டு உண்டு. உழவர் எடுத்த மாட்டுக் கொட்டிலுக்கு இல்லை. கோயில், கோட்டை, அரண்மனை ஆகியவற்றின் வரலாறே கட்டடக்கலை வரலாறு என உலகெங்கும் நெடுங்காலம் எண்ணப்பட்டது. கோழிக்கூண்டும் வைக்கோற் கொட்டகையும் பட்டறையும் அவ்வரலாற்றின் புறத்தே நின்றன. அவற்றையே தொழிலாகக் கொண்டு, சுவர், கூரை, கதவு எனத் தனித்தனியே செய்து எண்ணிட்டு இருப்புப்பாதை வழியே அனுப்பிய ஒரு தொழிற்சாலையின் வரலாற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இங்கிலாந்தின் கிழக்கே நார்விச் நகரில் இயங்கிய போல்டன் அண்டு பால் என்னும் நிறுமமே அது.

யாத்தலும் கட்டலும்

இலக்கிய மலரில் இரும்புக் கொட்டகைக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். அவர்களுக்கு நம் மொழியே விடை கூறுகிறது. யாத்தல் என்பதற்குக் கட்டுதல் என்பது பொருள். யாப்பு அதனடியாகப் பிறந்த சொல். எழுத்தால் அசையும், அசையால் சீரும், சீரைப் பிணிக்கும் தளையும், தளையால் அடியும், அடியைத் தொடுக்கும் தொடையும் என உறுப்புகளாகப் பகுத்து, அவை பொருந்தி நிற்பதே பா என நம் முன்னோர் கண்டனர். செய்யுளை உறுப்புகளின் பொருத்தமாகக் கண்ட மரபினர்க்கு, உறுப்புகளாகச் செய்து பொருத்தும் கட்டடம் அயலான செய்தியாகாது.

பெயர்த்தெடுத்துச் செல்லும் இருப்பிடமும் நமக்குப் புதிதன்று. தென்மாவட்டங்களில் வயலில் ஆட்டுக்கிடை அமர்த்துவோர் படல்களையும், குட்டிகளை அடைக்கும் குடாப்பையும் ஒரு புலத்திலிருந்து மறுபுலத்துக்குச் சுமந்து செல்வதை நாம் கண்டிருக்கிறோம். நார்விச் நகரைச் சூழ்ந்த நார்ஃபோக் நாட்டுப்புறத்திலும் ஆடுகளைக் கிழங்கு வயல்களில் அடைத்து எருவேற்றும் வழக்கம் இருந்தது. அங்கும் பெயர்த்து நடும் படல்கள் இருந்தன. தேவை ஒன்றாயின் கருவியும் ஒப்புமை பெறும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

ஊரும் தொழிலும்

நார்விச், வென்சம் என்னும் சிற்றாற்றின் கரையில் அமைந்த பழம்பதி. நார்மானியர் எழுப்பிய கோட்டையும் தலைமைக் கோயிலும் இன்றும் அதன் அடையாளங்கள். பெண்ணொருத்தி ஆங்கிலத்தில் எழுதியதாக அறியப்படும் நூல்களுள் மிகப் பழையதைத் தந்த ஜூலியன் என்னும் துறவி வாழ்ந்த ஊர் அது. 2012-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு அதனை இலக்கிய நகரமாக அறிவித்தது. இங்கிலாந்தில் அச்சிறப்பைப் பெற்ற முதல் நகரம் அதுவே.

எனினும் அவ்வூரைப் பல நூற்றாண்டுகள் வாழவைத்தது தறி. நார்ஃபோக் கம்பளித் துணி ஐரோப்பா எங்கும் புகழ் பெற்றிருந்தது. நீராவித் தறிகள் வடஇங்கிலாந்தில் பெருகியபின் அப்புகழ் மங்கியது. அந்நிலையில் ஓர் அரிய மாற்றம் நிகழ்ந்தது. 1844-இல் சார்லஸ் பர்னார்டு என்னும் நார்விச் தொழில் வல்லுநர், துணி நெய்யும் தறியின் அமைப்பைக் கொண்டு இரும்புக் கம்பியில் வலை நெய்யும் எந்திரம் ஒன்றை ஆக்கினார். நூல் நெய்த ஊர் இரும்பை நெய்யத் தொடங்கியது. கோழிக்கும் முயலுக்கும் வேலி கட்டும் அறுகோணக் கண் வலை அவ்வாறு உலகெங்கும் பரவிற்று. அவ்வலையைப் பின்னர்ப் பெருமளவில் நெய்தோருள் போல்டன் அண்டு பால் நிறுமத்தாரும் அடங்குவர்.

இந்நிறுமத்தின் வேர் அதற்கும் முந்தியது. 1797-இல் வில்லியம் மூர் என்பவர் நார்விச் நகரில் ஓர் இரும்புக்கடை தொடங்கினார். ஆணி, தாழ், கீல், மண்வெட்டி விற்ற சிறுகடை அது. 1844-இல் வில்லியம் ஸ்டேபிள்ஸ் போல்டன் அக்கடையில் பங்காளரானார். ஜோசப் ஜான் டாசன் பால் 1853-இல் சிறுவராகத் தொழில் பழக வந்து, படிப்படியாக உயர்ந்து பங்காளரும் ஆனார். 1860-களில் ரோஸ் லேன் என்னும் தெருவில் உற்பத்திச் சாலை எழுந்தது. 1897-இல், கடை தொடங்கி நூறாண்டு நிறைந்த காலத்தில், அது வரையறுக்கப்பட்ட நிறுமமாயிற்று. தொழில் பழக வந்த சிறுவனின் பெயர் முதலாளியின் பெயரோடு சேர்ந்து கதவின்மேல் ஏறியது அக்காலத்தில் அரிதாக நிகழ்ந்த ஒன்றாகும்.

நெளிந்து வலுப்பெற்ற தகடு

இக்கட்டடங்களுக்கு உயிர்நாடியாக அமைந்தது நெளிதகடு. தட்டையான இரும்புத் தகடு தன் எடையையே தாங்காது வளையும். அதனை அலையலையாக மடித்தால் மடிப்பின் திசையில் அது விறைத்து நிற்கும். குறைந்த சட்டங்களின்மேல் நெடுந்தொலைவு தாங்கும். இவ்வுத்திக்கு 1829-இல் ஹென்றி ராபின்சன் பாமர் என்னும் ஆங்கிலப் பொறியாளர் காப்புரிமை பெற்றார். அவர் இலண்டன் துறைமுகப் பணியில் இருந்தவர். முதற் கூரைகளும் துறைமுகக் கொட்டகைகளே.

துரு என்னும் பகை எஞ்சியிருந்தது. 1837-இல் பிரெஞ்சு நாட்டின் சோரெல் இரும்பைத் துத்தநாகக் குழம்பில் தோய்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். துத்தநாகம் இரும்பை மூடிக் காப்பதோடு நிற்பதில்லை. பூச்சு ஓரிடத்தில் கீறப்பட்டாலும், காற்றும் நீரும் முதலில் துத்தநாகத்தையே அரிக்கும், இரும்பு தப்பும். தான் அழிந்து பிறிதொன்றைக் காக்கும் உலோகம் அது. நாம் தகரம் என்று வழங்கும் கூரைத்தகட்டில் உண்மையில் இருப்பது இத்துத்தநாகமே.

இவ்விரண்டும் இணைந்தபின் பெயர்த்துச் செல்லும் கட்டடங்கள் கடல் கடந்தன. ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தோர்க்காக இலண்டன் தச்சரான மேனிங் 1830-களிலேயே மரக்குடில்களை உறுப்புகளாகச் செய்து விற்றார். 1849-இல் கலிபோர்னியாவில் பொன் தேடிச் சென்ற கூட்டத்துக்கும், அடுத்த ஆண்டுகளில் மெல்போர்ன் சென்ற கூட்டத்துக்கும் பிரித்தானியத் தொழிற்சாலைகள் இரும்பு வீடுகளை அனுப்பின. 1851-இல் இலண்டனில் எழுந்த பளிங்கு மாளிகை, ஒரே அளவுள்ள உறுப்புகளைப் பல்லாயிரக்கணக்கில் வார்த்துப் பொருத்தினால் சில திங்களில் மாபெரும் மண்டபம் எழுப்பலாம் என்பதை உலகுக்குக் காட்டியது. நார்விச் நிறுமத்தார் இம்மரபின் பிற்காலத்து வாரிசுகள். அவர்களுடைய தனித்தன்மை வேறோரிடத்தில் இருந்தது. அவர்கள் உழவரை நோக்கினர்.

குத்தகை உழவரும் கொட்டிலும்

நார்ஃபோக், வேளாண்மையில் புகழ் பெற்ற நாடு. கோதுமை, கிழங்கு, வாற்கோதுமை, தீவனப்புல் என நான்காண்டு சுழற்சியில் பயிரிடும் முறை அதன் பெயராலேயே அழைக்கப்பட்டது. ஆயினும் நிலம் பெரும்பாலும் பெருங்கிழார்களுக்கு உரியது; உழுதவர்கள் குத்தகையாளர். ஆங்கிலேயரின் பழஞ்சட்டப்படி, நிலத்தில் நிலைபெறக் கட்டியது எதுவாயினும் நிலத்தோடு சேரும். குத்தகையாளர் தம் பொருளைச் செலவிட்டுச் செங்கற் கொட்டில் கட்டினால், குத்தகை முடியும் நாளில் அது நிலக்கிழாருக்கே உரிமையாகும். 1851-ஆம் ஆண்டுச் சட்டம், கிழாரின் எழுத்துவழி இசைவோடு கட்டியதைக் குத்தகையாளர் எடுத்துச் செல்ல இடந்தந்தது. பின்வந்த சட்டங்கள் அவ்வுரிமையை விரிவாக்கின. எடுத்துச் செல்லும் உரிமை கிடைத்தபோதும் செங்கற் சுவரை எடுத்துச் செல்வது எங்ஙனம்?

இவ்விடத்தில்தான் மறையாணியால் பொருத்திய மரச்சட்டமும் நெளிதகடும் தம் பயனைக் காட்டின. ஆணிகளைக் கழற்றி வண்டியில் ஏற்றினால் கொட்டில் உழவரோடு போகும். சக்கரத்தின்மேல் அமைந்த கோழிவீடும், ஆயர் தங்கும் உருளைக் குடிலும் நிலத்தைத் தொடவே இல்லை. அவற்றின்மேல் கிழார் உரிமை கோர இடமும் இல்லை. கட்டடம் இலேசானதாக அமைந்தது சிக்கனத்தால் மட்டுமன்று, உரிமையாலும் என்பது ஈண்டு உணரத்தக்கது.

1870-களில் மற்றொரு காரணமும் சேர்ந்தது. வட அமெரிக்கச் சமவெளிகளின் கோதுமை, இருப்புப்பாதையாலும் நீராவிக் கப்பலாலும் மலிவாக வந்து இறங்கியது. ஆங்கிலக் கோதுமையின் விலை சரிந்தது. தானியத்தை நம்பிய உழவர்கள் பாலுக்கும் முட்டைக்கும் பன்றிக்கும் பழத்துக்கும் திரும்பினர். ஒவ்வொன்றுக்கும் புதிய கொட்டில் வேண்டும்; கையில் பணமோ குறைவு. உழவரின் நலிவுக்காலமே கொட்டில் செய்வோரின் வளர்ச்சிக்காலமாயிற்று. இம்முரண்பாட்டை வரலாறு பலமுறை காட்டியிருக்கிறது.

விலைப்பட்டியல் என்னும் ஆவணம்

இந்நிறுமத்தை அறிய நமக்குக் கிடைக்கும் சிறந்த சான்று அதன் விலைப்பட்டியல்களே. 1898-ஆம் ஆண்டுப் பட்டியல் பிற்காலத்தில் மறுபதிப்பாகவும் வந்துள்ளது. கோழிவீடு, நாய்க்கொட்டில், பன்றிக்கொட்டில், குதிரை இலாயம், வண்டிக் கொட்டகை, வைக்கோற் கொட்டகை, கண்ணாடிப் பயிரகம், விளையாட்டு அரங்கு, வழிபாட்டுக் கூடம், குடியிருப்பு என அக்காலத்தார் தேவைகள் படத்தோடும் எண்ணோடும் விலையோடும் அணிவகுக்கின்றன. நாய்க்கும் வீடு, கடவுளுக்கும் வீடு, இரண்டும் ஒரே பட்டறையில் என்பதைக் காணும்போது புன்னகை அரும்புகிறது.

வேலை நடந்த முறை இது. கட்டடத்தை முதலில் வரைபடத்தில் பகுத்தனர். ஒவ்வொரு சுவர்ப்பகுதியையும் மரச்சட்டத்தில் தனியே அடித்தனர். கதவும் பலகணியும் சட்டத்திலேயே பொருந்தி நின்றன. பகுதிகள் சேருமிடத்தில் துளையிட்டு மறையாணிக்கு வழி செய்தனர். ஒவ்வொன்றின்மேலும் எழுத்தோ எண்ணோ பொறித்துக் கட்டி, புகைவண்டியில் ஏற்றினர். அடித்தளத்தை வாங்குவோர் தம் ஊரில் அமைத்துக்கொள்வர். சுவரின் வெளிப்புறம் நெளிதகடோ மரப்பலகையோ, உட்புறம் பலகை, இடையே வெப்பமும் குளிரும் புகாமல் தடுக்கும் படலம் என்பது பொதுவான அமைப்பு. எண் தவறினால் சுவர் பொருந்தாது. சீர் பிறழ்ந்தால் தளை தட்டும் என்பதை அறிந்த நமக்கு இது விளக்க வேண்டாத செய்தி.

இப்பட்டியல்வழி வாங்கப்பட்ட வீடுகளுள் சில இன்றும் நிற்கின்றன. டெவன் நாட்டுக் கடற்கரையில் பெப்பர்கோம் என்னும் இடத்தில் 1920-களில் பொருத்தப்பட்ட ஒரு குடியிருப்பை, பழங்கட்டடங்களைப் பேணும் அறக்கட்டளை ஒன்று இப்போது காத்து வருகிறது. முப்பது ஆண்டு நின்றாற் போதும் என்று வாங்கிய பொருள் நினைவுச் சின்னமாகிவிட்டது.

ஒரு கவிஞரின் சினம்

இத்தகைய கட்டடங்களை வெறுத்தோரும் உண்டு. அவருள் முதன்மையானவர் கவிஞரும் ஓவியக் கலைஞருமான வில்லியம் மோரிஸ். பழங்கட்டடங்களைக் காக்கும் கழகத்தைத் தோற்றுவித்தவர் அவர். நாட்டுப்புறக் கொட்டில்களில் வைக்கோற் கூரை மறைந்து நெளிதகடு பரவுவதைக் கண்டு அவர் மனம் கொதித்தார். அதனைத் தொற்றுநோய் போலக் கருதிச் சாடினார்.

அவர் சினத்தில் நியாயம் இல்லையென்று நான் கூறமாட்டேன். வேய்ந்த கூரை அந்தந்த மண்ணில் விளைந்தது. அந்தந்த ஊர்க் கைவினைஞர் அறிவில் நிலைத்தது. நார்விச்சில் செய்த கொட்டில் எந்த ஊரில் நின்றாலும் ஒரே முகம் காட்டும். ஆனால் அழகு குறித்துப் பேசிய கவிஞர் நிலத்துக்கு உரிமையில்லா உழவரின் இடத்தில் நின்று பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது. உழைப்பாளர் விடுதலைக்காகத் தெருவில் இறங்கிப் பேசியவர் அவர். அவரே இதனைக் காணத் தவறினார் என்பது கவிஞராகிய நாம் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்றாகும். ஓலைக்குடிசையின் அழகைப் பாடுவோர் ஒவ்வோராண்டும் அதனை மாற்றி வேய்பவரிடம் ஒரு சொல் கேட்டறிதல் நன்று.

தென்முனையில் ஒரு வீடு

நார்விச்சில் செய்யப்பட்ட கட்டடங்களுள் மிகுந்த புகழ் பெற்றது ஒரு பண்ணைக்கோ ஆலைக்கோ உரியதன்று. ராபர்ட் ஃபால்கன் ஸ்காட் 1910-இல் தென்துருவப் பயணம் மேற்கொண்டபோது, அவர் குழுவினர் தங்கும் வீட்டை போல்டன் அண்டு பால் நிறுமமே செய்தளித்தது. 1911 சனவரியில் எவன்ஸ் முனையில் அது பொருத்தப்பட்டது. 50 அடி நீளம், 25 அடி அகலம். உள்ளும் புறமும் இரட்டைப் பலகைச் சுவர். இடையே உலர்ந்த கடற்பாசியைத் துணியில் வைத்து மெத்தைபோல் தைத்த காப்பு. அவ்வீட்டில் 25 பேர் குளிர்கால இருளைக் கழித்தனர். பொருட்பெட்டிகளை அடுக்கி எழுப்பிய சுவரொன்று அதிகாரிகளையும் பணியாளரையும் பிரித்தது. உலகின் விளிம்புக்குப் போயும் ஆங்கிலேயர் வகுப்பு வேற்றுமையை மறவாமல் எடுத்துச் சென்றனர்.

இவ்வீட்டுக்கு இந்தியத் தொடர்பும் உண்டு. அங்கிருந்து வானிலையை அளந்த ஜார்ஜ் சிம்ப்சன் இந்திய வானிலைத் துறையில் பணியாற்றியவர். ஸ்காட்டோடு உயிர்நீத்த பவர்ஸ் இந்தியக் கடற்பணியிலிருந்து சென்றவர். 1912-இல் இந்தியாவிலிருந்து ஏழு கோவேறு கழுதைகள் கப்பலில் அங்கு வந்து இறங்கின. பேகம், அப்துல்லா, பியாரி, ராணி, குலாப், லால்கான், கான் சாகிப் என்பன அவற்றின் பெயர்கள். வீட்டை ஒட்டிய இலாயத்தில் அவை குளிர்காலத்தைக் கழித்தன.

ஸ்காட் 1912 சனவரி 17 அன்று தென்முனையை அடைந்தார். நார்வே நாட்டு அமுண்ட்சன் அவருக்கு முன்னரே அங்குச் சென்று திரும்பிவிட்டார். திரும்பும் வழியில் ஸ்காட்டும் துணைவர் நால்வரும் மாண்டனர். வீட்டில் காத்திருந்தோர் வேனிற்காலம் வந்ததும் தேடிப் புறப்பட்டனர். அக்குழுவோடு அந்தக் கோவேறு கழுதைகளும் பனியில் நடந்தன. 1912 நவம்பர் 12 அன்று கூடாரம் கண்டறியப்பட்டது. வீரர் பெயரை உலகம் போற்றுகிறது. பொதிசுமந்து சென்ற பேகத்தின் பெயர் ஏதோ ஒரு நாட்குறிப்பில் இருந்ததால் நமக்குக் கிடைத்தது. பலகையை அறுத்த நார்விச் தச்சரின் பெயரோ கிடைக்கவில்லை.

அவ்வீடு இன்றும் நிற்கிறது. நியூசிலாந்து அறக்கட்டளை ஒன்று அதனைப் பழுதுபார்த்துப் பேணுகிறது. 2013-இல், அவ்வீட்டின் ஒளிப்பட அறையில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கிடந்த 22 ஒளிப்பட மறிநிலைகளைக் கண்டெடுத்துப் பிரித்த செய்தி வெளியாயிற்று. 1915 முதல் 1917 வரை அங்குத் தங்கிய மற்றொரு குழுவினர் விட்டுச்சென்றவை அவை. நூறாண்டுக்காலம் அம்முகங்களைக் காத்தது நார்விச்சுப் பலகையும் கடற்பாசி மெத்தையும், குளிரும்.

போரும் வானமும்

1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. படைவீடுகளும் இலாயங்களும் விரைந்து வேண்டப்பட்டன. 1915-இல் அரசு இந்நிறுமத்திடம் வானூர்தி செய்யக் கேட்டது. கோழிவீடு செய்தோர் வானூர்தி செய்வதா என்று இன்று நமக்குத் தோன்றலாம். அக்கால வானூர்தியோ மெல்லிய மரச்சட்டமும் கம்பியும் துணியுமே. மரத்தை இலேசாகவும் உறுதியாகவும் பொருத்தத் தெரிந்தவர்களுக்கு அது அண்டைவீட்டுத் தொழில். வென்சம் ஆற்றங்கரையில் ரிவர்சைடு என்னும் புதிய ஆலை எழுந்தது. மௌசுகோல்டு மேட்டுநிலம் வான்களமாயிற்று. போர் முடிவதற்குள் 2,500-க்கும் மேற்பட்ட வானூர்திகள் நார்விச்சிலிருந்து பறந்தன. அவற்றுள் பெரும்பகுதி சாப்வித் கேமல் என்னும் போர்வகை.

அவற்றைச் செய்தோருள் பெண்கள் பெருந்தொகையினர். இறக்கைத் துணியைத் தைத்தவர்களும் உலோகத்தைக் கடைந்தவர்களும் அவர்களே. போர் முடிந்ததும் நாடெங்கும் ஆலைப் பெண்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். தேவைப்பட்டபோது பொருத்தி, தேவை தீர்ந்தபோது கழற்றும் முறை கட்டடத்துக்குப் பொருந்தலாம், மனிதருக்குப் பொருந்தாது.

போருக்குப்பின் ஜான் டட்லி நார்த் என்னும் பொறியாளர் தலைமையில் நிறுமம் உலோகச் சட்ட வானூர்திகளில் ஈடுபட்டது. சைடுஸ்ட்ரான்ட், ஓவர்ஸ்ட்ரான்ட் என அவ்வூர்திகளுக்கு நார்ஃபோக் கடற்கரைச் சிற்றூர்களின் பெயரையே சூட்டினர். ஆர் 101 என்னும் மாபெரும் வான்கப்பலின் எஃகு எலும்புக்கூடும் நார்விச்சில்தான் உறுப்புகளாகச் செய்யப்பட்டது. அவ்வுறுப்புகள் கார்டிங்டன் என்னும் இடத்துக்கு அனுப்பப்பட்டு அங்குப் பொருத்தப்பட்டன. கோழிவீட்டுக்குக் கையாண்ட அதே நெறி எழுநூறு அடிக்கும் மேற்பட்ட நீளமுள்ள வான்கப்பலுக்கும் பயன்பட்டது.

அக்கப்பலின் இலக்கு அன்றைய இந்தியாவின் கராச்சி. 1930 அக்டோபர் 4 மாலையில் அது புறப்பட்டது. மறுநாள் விடியுமுன் பிரான்சில் போவே நகரருகே மழையிலும் காற்றிலும் தாழ்ந்து வீழ்ந்து எரிந்தது. சென்றவர் 54 பேர். இறந்தவர் 48 பேர். வான்துறை அமைச்சர் தாம்சன் பிரபுவும் அவர்களுள் ஒருவர். விசாரணையில் பழி எலும்புக்கூட்டின்மேல் சாரவில்லை. முன்புறப் பையிலிருந்து வளி வெளியேறியதே காரணமாயிருக்கலாம் எனக் கருதப்பட்டது. போதிய வெள்ளோட்டமின்றி, குறித்த நாளில் புறப்பட வேண்டுமென்ற அவசரமும் பலரால் சுட்டப்பட்டது. உறுப்பு நன்றாயிருந்தும் முழுமை தவறலாம் என்பதற்கு இத்துயரம் சான்றாக நிற்கிறது.

பெயர் பிரிந்த காலம்

1934-இல் வானூர்திப் பிரிவு தனி நிறுமமாகப் பிரிந்தது. 1936-இல் அது உல்வர்ஹாம்ப்டன் நகருக்குப் பெயர்ந்தது. பணியாளர் பலர் குடும்பத்தோடு உடன் சென்றனர். கொட்டில்களைப் பெயர்த்துப் பழகிய ஆலை, இம்முறை மனிதரைப் பெயர்த்தது. கட்டடமும் கம்பிவலையும் எஃகும் மரவேலையும் நார்விச்சில் தொடர்ந்தன. தொழிலாளரின் போல்டன் பால் விளையாட்டுத் திடல் இருந்த கேரோ சாலையில் 1935-இல் நார்விச் நகரக் கால்பந்துக் குழுவின் அரங்கு எழுந்தது. இன்றும் அஃது அங்கேயே உள்ளது.

1940 சூலை 9 மாலை நார்விச் முதன்முறையாகக் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. ரிவர்சைடு ஆலைத் தொழிலாளரும், அருகிலிருந்த கடுகுத் தொழிற்சாலையில் பணிமுடித்து மிதிவண்டிகளைத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறிய பெண்களும் மாண்டனர். ஊருக்கெல்லாம் கூரை செய்து அனுப்பியவர்கள் தம் கூரையின்கீழ் மடிந்தனர்.

இரண்டாம் போருக்குப்பின் காலம் மாறியது. கற்காரைச் சட்டங்களும் கல்நார்த் தகடுகளும் பண்ணைக் கட்டடங்களில் புகுந்தன. எஃகுச் சட்டத்தை எந்த ஊர்ப் பட்டறையும் செய்யக் கற்றுக்கொண்டது. புகைவண்டியை நம்பிய வணிகம் சரக்குந்துக்கு மாறியது. நிறுமம் பெருந்தொழில் குழுமங்களின் கைக்கு மாறிமாறிச் சென்றது. இருபதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் எஞ்சிய கதவு, பலகணி வேலையும் அமெரிக்க நிறுமம் ஒன்றின் உடைமையாயிற்று. ஆற்றங்கரை ஆலை இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் இன்று திரையரங்கும் கடைகளும் உணவகங்களும் குடியிருப்புகளும் உள்ளன. புகைவண்டி நிலையத்திலிருந்து கால்பந்து அரங்குக்கு நடந்து செல்வோர் ஆலை நின்ற மண்ணின்மீதே நடக்கின்றனர்.

முடிவுரை

1797-இல் ஆணி விற்ற கடையில் தொடங்கிய இவ்வரலாறு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் நீண்டது. அதில் அரசரோ படைத்தலைவரோ நாயகரல்லர். நிலமில்லா உழவரின் தேவையும், தறி ஓய்ந்த ஊரின் கைத்திறனும், நெளிந்து வலுப்பெற்ற தகடும் சேர்ந்து ஆக்கிய வரலாறு இது. செய்த ஆலை மறைந்துவிட்டது. அது செய்தனுப்பிய வீடு தென்முனைப் பனியில் நிற்கிறது. பாடியவர் போனபின் பாட்டு நிற்பதும் இவ்வாறே.

இவ்வரலாறு நமக்குக் கிடைத்தமைக்குக் காரணம் யாது? யாரோ ஒருவர் விலைப்பட்டியலைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார். யாரோ ஒருவர் கழுதையின் பெயரை நாட்குறிப்பில் எழுதினார். பெருங்காவியம் எழுதும் எண்ணம் அவர்களுக்கு இருந்திராது.

இக்கட்டுரையை எழுதத் தொடங்கியபின் நம் பழைய கொட்டகை குறித்து மூத்த உறுப்பினர் சிலரிடம் கேட்டறிந்தேன். அதனை அமைத்தவர் அவ்வூர்க் கொல்லர் ஒருவர் என்றும், கூட்ட நாட்களில் வாடகை பெறாமல் விட்டவர் அருகிலிருந்த நெல் வணிகர் என்றும், பிரித்த தகடுகள் ஒரு மாட்டுக் கொட்டிலுக்குக் கூரையாயின என்றும் கூறினர். கொல்லரின் பெயர் எவர் நினைவிலும் இல்லை. பத்தாண்டுக்குள்ளேயே அப்பெயரை நாம் இழந்துவிட்டோம். வட்டத்தின் குறிப்பேட்டில் இனியேனும் ஒரு பத்தி கூடுதலாக இருக்கட்டும் என்று உறுப்பினரை வேண்டுகிறேன். பாடியவர் பெயரோடு, நாம் அமர்ந்த பாயை விரித்தவர் பெயரும், விளக்கேற்றியவர் பெயரும், கூரை வேய்ந்தவர் பெயரும் அதில் இடம்பெறட்டும்.